யூபிஎஸ்சி கட்டுரைத் தாளைத் தமிழில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலக மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். அதை வாங்கிப் படித்துச் சிவப்பு மையில் கிறுக்குவது என் வேலை. நான் இரண்டு முறை தமிழில் மெயின்ஸ் (ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற வேலைகளுக்கு யூபிஎஸ்சி நடத்தும் முதன்மை எழுத்துத் தேர்வு) எழுதி, இரண்டு முறையும் நேர்முகத் தேர்வுக்கு முன்னாலேயே நின்றுபோனவன். அதனால் கீழே இருப்பதை டாப்பர் சொன்ன ரகசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறையக் கட்டுரை படித்த ஒருவனின் கருத்து, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அதே கேள்விகளைக் கேட்பதால், எனக்கு டீ குடிக்கும் நேரமாவது மிஞ்சட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

அண்ணா, கட்டுரைத் தாள்னா என்ன? எத்தனை மார்க்?

சிவில் சர்வீசஸ் மெயின்ஸில் தரவரிசைக்குக் கணக்கில் வரும் ஏழு தாள்களில் முதல் தாள். மூன்று மணி நேரம், 250 மார்க். இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு தலைப்புகள். பிரிவுக்கு ஒன்றாக இரண்டு கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 125 மார்க், 1,000 முதல் 1,200 வார்த்தை. முன்பெல்லாம் ஒரே கட்டுரைதான், 2014இலிருந்து இரண்டாயிற்று. எழுத்துத் தேர்வின் மொத்தம் 1,750. அதில் ஏழில் ஒரு பங்கு இந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது.

மற்ற தாள்களுக்குப் பாடத்திட்டம் பக்கம் பக்கமாக நீளும். இதற்குச் சில வரிகள்தான்: தலைப்பை விட்டு விலகக் கூடாது, எண்ணங்களை ஒழுங்காக அடுக்க வேண்டும், சுருக்கமாக எழுத வேண்டும், சொல்வதைத் துல்லியமாகவும் பதியும்படியும் சொன்னால் மார்க் உண்டு. ‘நிறையத் தகவல் கொடு’ என்று அதில் எங்கேயும் இல்லை. எங்கள் பையன்கள் செய்வதோ அதை மட்டும்தான்.

தமிழ்ல எழுதினா மார்க் குறைச்சுப் போடுவாங்களாமே, உண்மையா?

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலும் எழுதலாம், தமிழும் அதில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் எந்த மொழியை ஊடகமாகக் குறித்தீர்களோ, அதிலேயே எழுத வேண்டும். கட்டுரைக்குத் தமிழ், பொது அறிவுத் தாளுக்கு ஆங்கிலம் என்று பிரித்துக்கொள்ள முடியாது. முடிவெடுக்கும்போது இந்தப் பொது அறிவுத் தாள்கள் (ஜிஎஸ்) நான்கையும் சேர்த்து யோசியுங்கள்.

மார்க் குறைவதைப் பற்றிக் கேட்டால், என் கையில் வந்த கட்டுரைகளைத் தின்றது தமிழ் இல்லை, மொழிபெயர்ப்புத் தமிழ். கோச்சிங் நோட்ஸ் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு எழுதுவார்கள்: “பெண் கல்வி என்பது ஒரு நாட்டின் வளர்ச்சியை உறுதிப்படுத்தும் மிக முக்கியமான காரணிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.” யார் கருதுகிறார்கள்? இதை எழுதிய பெண்ணிடம், “உன் தங்கச்சிகிட்ட இதை எப்படிச் சொல்லுவ?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “அம்மா பத்தாவது தாண்டின வீட்ல பொண்ணை ஸ்கூல்லேர்ந்து நிறுத்துறது லேசுல நடக்காது” என்றாள். அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் போதும்: “அம்மா பத்தாம் வகுப்பைத் தாண்டிய வீட்டில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது எளிதில் நடப்பதில்லை.” முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதை எழுத ஒரு வீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டாயத் தமிழ்த் தாள்லயும் கட்டுரை இருக்கே. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. அது தகுதித் தாள், 300 மார்க். 25 சதவீதம், அதாவது 75 எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது. அதில் 600 வார்த்தையில் ஒரு கட்டுரை, 100 மார்க்குக்கு. தலைப்பும் நேரடியாக இருக்கும். ஆனால் ‘நம்ம தாய்மொழிதானே’ என்று தொடாமலேயே போகாதீர்கள். இதில் தவறினால் மற்ற தாள்களில் எடுத்த மார்க் எண்ணிக்கைக்கே வராது.

டிஎன்பிஎஸ்சி எழுதறவங்களுக்கு இது உதவுமா?

ஓரளவு. குரூப் 1 மெயின்ஸில் தமிழ்த் தகுதித் தாள் 100 மார்க், பத்தாம் வகுப்புத் தரம், 40 எடுத்தாக வேண்டும். திருக்குறள் தொடர்பான கட்டுரை, அலுவல் கடிதம், சுருக்கி வரைதல் என்று அது வேறு வகை எழுத்து. வாக்கியத்தைப் பற்றி இங்கே சொல்வது அதற்கும் பொருந்தும்; தலைப்பைப் பிரிப்பது பற்றிச் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது.

தமிழ் மீடியம்னா கேள்வித்தாளும் தமிழ்லதானே வரும்?

வராது. மொழித் தாள்களைத் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. தலைப்பை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் யோசித்து, தமிழில் எழுத வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் பாதிப் பேர் சறுக்குவது இந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான்.

2023இல் ஒரு தலைப்பு வந்தது: நீதி கூடுதலாக இருக்கும் சமூகத்துக்கு ‘சாரிட்டி’ குறைவாகவே தேவைப்படும் என்ற பொருளில். ஒரு தம்பி இதைத் தமிழாக்கி மேலே எழுதினான்: “நீதி அதிகமாக உள்ள சமூகத்தில் தர்மம் குறைவாகத் தேவைப்படும்.” படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. தமிழில் தர்மம் என்றால் பிச்சையும்தான், அறமும்தான். நீதி வளர்ந்தால் அறம் தேய்ந்துவிடும் என்றல்லவா ஆகிறது! தானம் என்று எழுதினால் புண்ணியக் கணக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். ஈகை என்றாலோ வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடி உயர்த்திய சொல். அது குறைய வேண்டும் என்று வாதாட மனசு வராது. இந்த மூன்று சொற்களையும் ஓரமாக எழுதிப் பார்த்து, ‘கொடையை எதிர்பார்த்து நிற்கும் நிலை’ என்று அவன் கடைசியில் முடிவு செய்தான். சொல்லைத் தேடிய அந்த மூன்று நிமிடத்திலேயே கட்டுரை பாதி பிறந்துவிட்டது. இதில் தமிழ் மீடியம்காரருக்கு ஒரு லாபம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார், நீங்கள் அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

எட்டு தலைப்புல எதை எடுக்கறது? தெரிஞ்ச சப்ஜெக்ட்டையா?

தெரிந்த தலைப்புதான் ஆபத்து. சமூக ஊடகம், பெண்கள், காடு என்று கண்ணில் பட்டதும் மனப்பாடம் செய்த குறிப்பெல்லாம் வரிசை கட்டி வந்துவிடும், தலைப்பு என்ன கேட்கிறது என்பது மறந்துபோகும். 2024இல் ‘நாகரிகங்களுக்கு முன்னால் காடுகள், பின்னால் பாலைவனங்கள்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு. பயிற்சியில் கொடுத்தேன். ஆறு பேரில் நான்கு பேர் காடு வளர்ப்பின் பயன்கள் எழுதியிருந்தார்கள். தலைப்பு காட்டைப் பற்றியதே இல்லை, நாகரிகத்தின் பசியைப் பற்றியது.

நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். தலைப்பைப் படித்துவிட்டு, “ஆமாம், ஆனால்…” என்று ஒரு வாக்கியம் உங்களுக்குள்ளிருந்து வருகிறதா? வந்தால் எடுங்கள். “ஆமாம், ஆமாம்” என்று மட்டும் தோன்றினால் 400 வார்த்தையில் சரக்கு தீர்ந்துவிடும்.

சரி, தலைப்பு எடுத்தாச்சு. திட்டம் போடுறதுன்னா நிஜமா என்ன பண்ணணும்? ஒண்ணு போட்டுக் காட்டுங்க.

மேலே சொன்ன நீதி-கொடை தலைப்பையே எடுப்போம். வழக்கமாகப் போடும் திட்டம்: முன்னுரை, நீதி என்றால் என்ன, சமூக நீதி, பொருளாதார நீதி, அரசுத் திட்டங்கள், சவால்கள், தீர்வுகள், முடிவுரை. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் திட்டம் எந்தத் தலைப்புக்குமே பொருந்தாது என்பேன்.

அதற்குப் பதில் ஒரே ஒரு பொருளைப் பிடித்து நடக்கலாம். அந்தத் தம்பி ஒரு தட்டுச் சோற்றைப் பிடித்தான். 1867இல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்குகிறார். பசித்து வருகிறவருக்குச் சோறு, அது கருணை. 1950களில் காமராஜர் காலத்துப் பள்ளி மதிய உணவில் ஊர்க்காரர் நன்கொடையும் அரசுப் பணமும் கலக்கின்றன, பாதி கொடை, பாதி கடமை. 1982இல் எம்ஜிஆரின் சத்துணவுத் திட்டத்தில் அது அரசின் பொறுப்பாக விரிகிறது. 2001இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிடுகிறது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். இப்போது சோறு கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கேட்கவே வழியுண்டு. சோறு அதே சோறுதான். கும்பிட்டு வாங்கிய கை, நிமிர்ந்து வாங்கும் கையாக மாறியிருக்கிறது. தலைப்பு சொல்வது இதைத்தானே!

அப்புறம் அந்த “ஆனால்” வர வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது முகம் தெரியாதவர்கள் படகோடு வந்தார்கள், பால் பாக்கெட்டோடு வந்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அனுப்பவில்லை. நீதி முழுமையாக இருந்தாலும் வெள்ளம் வரும், தனிமை வரும், முதுமை வரும். அப்படியானால் நீதி கொடையை ஒழிப்பதில்லை, கொடையிலிருந்து அவமானத்தைக் கழற்றிவிடுகிறது. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் அவன் பேனாவை எடுத்தான். திட்டத்துக்கு ஆன நேரம் 20 நிமிடம். பக்கத்தில் இருந்தவர்கள் அதற்குள் மூன்று பக்கம் எழுதிவிட்டார்கள், அது வேறு அவனுக்குப் பதற்றம்.

திருக்குறள்ல ஆரம்பிச்சா நல்லதா?

குறள் வேலை செய்தால் நல்லது. அலங்காரமாக நின்றால், தமிழில் எழுதும் அத்தனை பேரும் அதைத்தான் செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மேலே உள்ள தலைப்புக்கே “இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றியான்” (1062) இருக்கிறது. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால், இந்த உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்கிறார். ஈகையை அவ்வளவு பாடியவர் வாயிலிருந்து இந்தச் சாபம்! இரப்பவனுக்குப் போடு என்பதோடு நிற்காமல், இரக்க வைத்த ஏற்பாட்டையே திட்டுகிறார். இப்படி வாதத்தை ஒரு படி நகர்த்தும் குறள் என்றால் முதல் வரியில் வைக்கலாம், நடுவிலும் வைக்கலாம். நடுவில் வைத்தால் இன்னும் அழுத்தமாக இருக்கும் என்பது என் ருசி.

ஆரம்பிக்கத் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு: திட்டத்தில் இருப்பதிலேயே கண்ணால் பார்க்கக்கூடிய காட்சி எதுவோ, அங்கே தொடங்குங்கள்.

எத்தனை மேற்கோள், எத்தனை புள்ளிவிவரம் இருக்கணும்?

எண்ணிக்கை கிடையாது. புள்ளிவிவரம் ஒன்றோடு ஒன்று மோதும்போதுதான் பேசும். ‘வெயிலடிக்கும்போதே கூரையைச் சரிசெய்’ என்ற பொருளில் 2022இல் ஒரு தலைப்பு இருந்தது. அதற்கு ஒடிசாவை எடுக்கலாம்: 1999 சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள்; 2013 பைலின் புயலில் இறந்தவர்கள் நூற்றுக்கும் கீழே. இடையில் அந்த மாநிலம் புயல் காப்பகங்களைக் கட்டியது, எச்சரிக்கை வந்ததும் லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே நகர்த்தப் பழகியது. இரண்டு எண், ஒரு காரணம். பத்து அறிக்கைகளின் பெயரை அடுக்குவதை விட இது கனம்.

எண் சரியாக நினைவில்லை என்றால் எழுதாதீர்கள். யார் சொன்னது என்று தெரியாத வாக்கியத்தை காந்தி தலையிலோ கலாம் தலையிலோ கட்டுவதும் வேண்டாம். திருத்துகிறவர் அந்த வரியைப் பல விடைத்தாளில், பல பேர் பெயரில் பார்த்திருப்பார்.

தலைப்புக்கு எதிரா எழுதலாமா? தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

எழுதலாம். ஆனால் முதலில் தலைப்பு சொல்வதை அதன் முழு பலத்தோடு நிறுத்திக் காட்ட வேண்டும். எதிராளியை நோஞ்சானாக்கி அடிப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் முழு எதிர்ப்பை விட, “இது எந்த இடம் வரைக்கும் உண்மை?” என்று எல்லை தேடும் கட்டுரைதான் நன்றாக வருகிறது. சென்னை வெள்ளத்தை மேலே எதற்காகக் கொண்டுவந்தோம் என்று பாருங்கள்.

அரசாங்கத்தைக் குறை சொன்னா மார்க் போயிடுமா? அவங்ககிட்டதானே வேலை கேக்கறோம்?

குறை சொல்லலாம், கோபத்தைக் கொட்டக் கூடாது. “அதிகாரிகள் எல்லாம் ஊழல்வாதிகள்” என்பது டீக்கடைப் பேச்சு. “முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று மனு கொடுத்த பாட்டியால் தெரிந்துகொள்ள முடியவில்லை” என்பது, நாளைக்கு அந்த மேசையில் உட்காரப் போகிறவர் கவனிக்க வேண்டிய குறை. கட்சிப் பெயர், தலைவர் மீது வசை, சாதி மத ஏளனம் எதுவும் வேண்டாம். அதே சமயம் எல்லாத் திட்டத்தையும் புகழ்ந்து தள்ளுவதும் ஒரு நோய்தான்.

என் சொந்தக் கதையை எழுதலாமா? எங்க அப்பா கல்லுடைக்கிறவர்.

எழுதுங்கள், ஆனால் இரண்டு கவனம். உங்கள் பெயர், பதிவு எண் போல அடையாளம் காட்டும் எதுவும் விடைக்குள் வரக் கூடாது, அதற்குத் தண்டனை உண்டு. திருத்துகிறவரிடம் இரக்கம் கேட்பது போன்ற வரியும் கூடாது. “நான் கஷ்டப்பட்டுப் படித்தேன்” என்பது மனு. குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் விசில் ஊதுகிற ஆளுக்குக் காதுக்கவசம் கிடையாது என்பது நீங்கள் பார்த்த விஷயம். தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய பத்தியில் அது அப்படியே உட்காரும். அப்பா என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்ல 1,000 வார்த்தை வரவே மாட்டேங்குது. 750லயே முடிஞ்சிடுது.

தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே போகும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது நமக்கு ஒரு வார்த்தை, ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வாக்கியத் துண்டே தேவைப்படும். அதனால் ஆங்கிலக் கட்டுரையோடு எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பதறாதீர்கள். உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை வார்த்தை என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டால், தேர்வில் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

நேரக் கணக்கு: கட்டுரைக்கு 90 நிமிடம். 20 திட்டத்துக்கு, 5 திருப்பிப் படிக்க. மீதி 65. நிமிடத்துக்கு 15 வார்த்தை எழுதினால் 975. 16 எழுதினால் 1,040. உங்கள் வேகம் 12 என்றால் அதுதான் உங்கள் பிரச்சினை. அறிவைக் குறை சொல்லிப் பயனில்லை, தினமும் அரை மணி நேரம் கையால் எழுதுங்கள். போனில் தட்டித் தட்டிக் கைக்கு எழுத்து மறந்திருக்கிறது.

உபதலைப்பு, படம், அடிக்கோடு?

உபதலைப்பு இல்லாமலே ஒரு பத்தி அடுத்ததைக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். படம் ஜிஎஸ் தாளுக்கு. அடிக்கோடு இரண்டு மூன்று இடத்தில் போதும்.

கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு.

அழகு வேண்டாம், வேறுபாடு தெரிந்தால் போதும். ர-வும் கால் எழுத்தும், ன-வும் ள-வும் குழம்பாமல் எழுதுங்கள். வார்த்தைகளுக்கு நடுவில் இடம் விட்டாலே பாதி சரியாகிவிடும்.

ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் தூய தமிழ் போடணுமா?

பேருந்து, கணினி, இணையம் எல்லாம் பழகிவிட்டன. ஆனால் பழகாத கலைச்சொல்லை அகராதியிலிருந்து பிடுங்கி வைத்தால் படிக்கிறவர் அங்கே நின்றுவிடுவார். அப்படிப்பட்ட சொல்லுக்கு மட்டும், முதல்முறை வரும் இடத்தில் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் குறித்துவிடுங்கள். பக்கத்துக்கு நான்கு முறை இதைச் செய்ய வேண்டி வந்தால், நீங்கள் ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

டாப்பர் கட்டுரை பத்து மனப்பாடம் பண்ணிட்டா?

பத்துக் கட்டுரையைப் படியுங்கள், மனப்பாடம் வேண்டாம். சமீப வருடங்களில் தலைப்புகள் பெரும்பாலும் தத்துவ வாக்கியங்களாக வருகின்றன. மனப்பாடம் செய்தது அப்படியே பொருந்துவது லாட்டரி. மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, பல பக்கம் திருப்பக்கூடிய பத்துப் பதினைந்து உண்மைச் சம்பவங்கள். அந்த மதிய உணவுத் தட்டை நீதிக்கும் வைக்கலாம், கல்விக்கும் வைக்கலாம், எளிய யோசனை பெரிய விளைவைத் தருவதற்கும் வைக்கலாம்.

சாட்ஜிபிடிகிட்ட கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொல்றேன். சரியா?

எழுதிய பிறகு கொடுத்தால், எழுத்துப் பிழை பார்க்கவும் “இந்த வாதத்தில் ஓட்டை எங்கே?” என்று கேட்கவும் பயன்படும். எழுதுவதற்கு முன்னால் கேட்டால் மேலே சொன்ன ‘முன்னுரை, சவால்கள், தீர்வுகள்’ திட்டம்தான் அழகாக அடுக்கப்பட்டு வரும். அது சொல்லும் எண்ணையும் மேற்கோளையும் சரிபார்க்காமல் மனதில் ஏற்றாதீர்கள். ஒரு பையனுக்கு அது குறள் எண்ணையே மாற்றிச் சொல்லியிருந்தது. அவன் இரண்டு மாதம் அதையே எழுதிக்கொண்டிருந்தான், நானும் அதுவரை கவனிக்கவில்லை.

முதல் கட்டுரைக்கே 115 நிமிஷம் ஆயிடுச்சுன்னா? மாக் டெஸ்ட்ல எனக்கு ரெண்டு தடவையும் அப்படித்தான்.

அப்படியானால் மீதி 65 நிமிடம், அதுவும் அதே 125 மார்க்குக்கு. முதல் கட்டுரையின் முடிவுரையை மெருகேற்றுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டாவதற்குத் திட்டம் 8 நிமிடம்: ஒரு காட்சி, தலைப்பை நிறுவும் இரண்டு சம்பவம், ஒரு “ஆனால்”. இருபது நிமிடம் கேட்கும் தத்துவத் தலைப்பை விட்டுவிட்டு, சம்பவம் உடனே நினைவுக்கு வரும் தலைப்பை எடுங்கள்; தலைப்புத் தேர்வு பற்றி மேலே சொன்னதை இந்த ஒரு நிலைமையில் மட்டும் மீறலாம். 55 நிமிடத்தில் 800 வார்த்தை வரும். கடைசி இரண்டு நிமிடம் எந்த வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்தி, தொடங்கிய காட்சிக்கே திரும்பி ஒரு பத்தி எழுதி மூடுங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வாருங்கள். நூலகச் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் மெதுவாக ஓடுகிறது.